நல்லா இருக்கேனுங்க சார்

என் வீட்டுக்காரர் அமீர் ஹம்சா தும்முவதற்கு முன் சுவரைப் பிடித்துக்கொள்வார். மூக்கு உறுத்த ஆரம்பித்ததுமே முகம் வெளுத்துவிடும். ஒரு கை சுவரில், ஒரு கை இடுப்பில், கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு நிற்பார். நாங்கள் ஓடுகிற மிக்ஸியைக்கூட நிறுத்திவிடுவோம், ஏனென்று எனக்கே தெரியாது. தும்மல் வெடித்து முடிந்ததும், இடுப்பு இருக்கிறதா போய்விட்டதா என்று ஒரு கணம் பார்த்துவிட்டு, "அல்ஹம்துலில்லாஹ்" என்பார். பல நாள் தும்மலே பயந்து வந்த வழியே திரும்பிவிடும்.

நான் மெஹராஜ், அவர் மனைவி. எனக்குக் கொஞ்சம் வாய் நீளம் என்று எங்கள் கோட்டைமேட்டில் சொல்வார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும். வாயே இல்லாத மனுசனைக் கட்டிக்கொண்டவள் இரண்டு பேருக்கும் சேர்த்துத்தானே பேச வேண்டும்.

இடுப்பு வலி என்றால் இடுப்பில் மட்டும் இருக்கும் என்று நினைத்திருந்தேன். அப்படி இல்லை. அது வீடு முழுக்க இருக்கும். செருப்பு கவிழ்ந்து கிடந்தால் அவர் வெளியே போக மாட்டார், யாராவது வந்து நிமிர்த்தி வைக்கிறவரை வாசலில் காற்று வாங்குவதுபோல நிற்பார். கட்டிலில் புரள்வதற்கு முன் ரொம்ப நேரம் யோசிப்பார். பள்ளிவாசலில் முதல் வரிசையில் நின்று தொழுதவர், இப்போது கடைசியில் நாற்காலி போட்டுத் தொழுகிறார். அந்த நாற்காலியை எடுத்து வைக்கக்கூட இன்னொருத்தர் வேண்டியிருக்கிறது என்று வருத்தம். வலி வருகிற நேரத்தைவிட, வந்துவிடுமோ என்று பயந்துகொண்டு இருக்கிற நேரம்தான் அவருக்கு அதிகம்.

அவர் வேலை பார்ப்பது மேற்கு மாவட்டக் கிடங்குக் கழகத்தில். கிணத்துக்கடவுப் பக்கம் கழகத்துக்குக் கொப்பரைத் தேங்காய்க் கிடங்கு இருக்கிறது. அங்கே மூட்டை தூக்குகிற நிரந்தரத் தொழிலாளி. கழகம் பெரிய இடம். தலைவர் உண்டு, துணைத் தலைவர் உண்டு, வருசா வருசம் வழவழ தாளில் ஆண்டு மலர் உண்டு. மூட்டை தூக்க ஒரு மெஷின் மட்டும் கிடையாது. மெஷின் வந்தால் தொழிலாளியின் உடல்நலம் கெட்டுவிடும் என்று அந்த மலரிலேயே ஒரு கட்டுரை வந்திருந்தது.

அவர் கேட்டது பெரிதாக ஒன்றுமில்லை. கிடங்கு கேட்டில் வருகிற லாரி, போகிற லாரியைப் பார்த்துக்கொள்கிற வேலை. அங்கே இருந்தவர் ஓய்வு பெற்றுப் போய்விட்டார். அந்த நாற்காலியில் இப்போது ஒரு நாய் படுத்திருக்கிறது. அந்த நாய்க்குப் பதிலாக என் வீட்டுக்காரரைப் போடுங்கள் என்பதுதான் எங்கள் கோரிக்கை.

அந்தச் சமயத்தில் எங்கள் மகள் சஃபியா தலைப்பிரசவத்துக்கு வந்திருந்தாள். பெண் குழந்தை. ரம்ஷா என்று பெயர் வைத்தோம். அவர் பேத்தியைத் தூக்கவே இல்லை. பக்கத்தில் உட்கார்ந்து ஒரு விரலை நீட்டுவார், அது பிடித்துக்கொள்ளும், அவ்வளவுதான். தூக்குகிற நேரம் இடுப்பு பிடித்துக்கொண்டால் பிள்ளையைக் கீழே போட்டுவிடுவேனோ என்று பயம். மூன்றாம் மாதம் போத்தனூரிலிருந்து சம்பந்தி வீட்டார் வந்து தாயையும் பிள்ளையையும் அழைத்துப்போவார்கள். எங்கள் குடும்பத்து வழக்கப்படி, பெண்ணைப் பெற்ற அத்தாதான் பிள்ளையைத் தூக்கிச் சம்பந்தி கையில் கொடுக்க வேண்டும்.

"அன்னைக்கு மட்டும் தூக்கிக் குடுத்துப்போட்டேன்னா போதும் மெஹராஜ்" என்று ஒருநாள் சொன்னார். அவராக வாய் திறந்து ஒன்றை வேண்டும் என்று சொன்னது, எனக்குத் தெரிந்து அது ஒன்றுதான்.

பெரிய ஆஸ்பத்திரியில் ஜோஸ்லின் என்று ஒரு பிசியோதெரபிப் பெண். அவள்தான் எங்களுக்கு மனுசி மாதிரி பதில் சொன்னவள். "பயப்படாதீங்கன்னு நான் சொல்ல மாட்டேனுங்கய்யா. பயம் வரத்தான் செய்யும். பயத்தோடயே கொஞ்சம் கொஞ்சம் நடங்க, அசைங்க. மூட்டை மட்டும் இப்போதைக்கு வேண்டவே வேண்டாம். தெம்பு வந்ததும் மொதல்ல பேத்தியைத் தூக்குங்க" என்றாள். அவர் உக்கடம் குளக்கரையில் நடக்க ஆரம்பித்தார். வீட்டில் தலையணையைத் துண்டில் சுற்றித் தூக்கிப் பழகினார். பிறகு தலையணைக்குள் துவரம் பருப்புப் பாக்கெட்டை வைத்துத் தூக்கினார். நானும் சஃபியாவும் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்போம். அவரும் சிரிப்பார், ஆனால் பருப்பைப் பத்திரமாகப் பிடித்துக்கொண்டுதான் சிரிப்பார்.

கேட் வேலை வேண்டுமானால் முதுகுத் தகுதி மன்றம் சொல்ல வேண்டும். முதுகு வலிக்கிறது என்று சொல்லும் தொழிலாளிகள் கூடிக்கொண்டே போனதால் கழகம் ஏற்படுத்திய மன்றம் அது. மெஷின் வாங்குவதைவிட மன்றம் வைப்பது சுலபம் போல.

மன்றம் டவுன் ஆபீசில் மூன்றாவது மாடியில் இருக்கிறது. கீழே லிஃப்ட் வாசலில் வாட்ச்மேன் கையைக் குறுக்கே நீட்டினார்.

"லிஃப்ட் ஆபீசருங்களுக்கு மட்டும்ங்க அம்மணி."

"முதுகு நோவுன்னுதானுங்க வந்திருக்கோம். எப்படி ஏறுவாரு?"

"ஏற முடியலைன்னா ஆப்சென்ட் போட்டுருவாங்க."

"ஏறிப்போட்டா?"

வாட்ச்மேன் அவரை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "ஏறிட்டாருன்னு எழுதிக்குவாங்க" என்றார். பாவம், நல்ல மனுசன். குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

ஏறினோம். ஒவ்வொரு படிக்கும் கைப்பிடியில் ஒரு கை, என் தோளில் ஒரு கை. மேலே கடைசிப் படிக்கு நேராக மேசை போட்டு ஒரு கிளார்க் உட்கார்ந்திருந்தார். தலையை நிமிர்த்தாமல், "உதவியின்றி ஏறினார்" என்று எழுதினார்.

"நான் புடிச்சுக்கிட்டு வந்தேனுங்களே, உங்க கண்ணுக்குத் தெரியலையா?" என்றேன்.

"நீங்க சம்சாரம்தானேங்க? சம்சாரத்தை உதவியில சேர்க்கறதில்லைங்க" என்றார்.

காத்திருக்கும் கூடத்தில் ஒரு பெஞ்சு கூட இல்லை. 'உட்கார்ந்தே இருப்பது முதுகுக்குக் கேடு' என்று சுவரில் பெரிதாக எழுதி வைத்திருந்தார்கள். அதற்குக் கீழே நாலைந்து பேர் சுவரோடு ஒட்டிக்கொண்டு, ஆளுக்கொரு பக்கம் கோணிக்கொண்டு நின்றிருந்தார்கள்.

லிஃப்ட் திறந்தது. மன்றத் தலைவர் சுந்தரராஜுலு வந்தார். அவருக்கு முன்னால் பியூன் ஒருத்தர் ஒரு திண்டை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு வந்தார். தலைவர் உள்ளே போய், பியூன் திண்டை வைத்து, தலைவர் சாய்ந்து பார்த்து, இன்னும் கொஞ்சம் கீழே என்று சொல்லி, பியூன் நகர்த்தி, இதெல்லாம் முடிந்த பிறகுதான் எங்களைக் கூப்பிட்டார்கள். அந்த நாற்காலியைப் பார்க்க வேண்டுமே! தலைக்குத் தனி மெத்தை, கைக்குத் தனி மெத்தை, காலுக்குக் கீழே ஒரு சின்ன மேடை. பக்கத்தில் டாக்டர் சபரீஷ். எலும்பு டாக்டர் இடம் காலியாக இருப்பதால், கழகத்தின் கண் டாக்டரையே மன்றத்தில் போட்டிருந்தார்கள்.

"வாங்க அமீர் ஹம்சா. எப்படி இருக்கீங்க?" என்றார் தலைவர்.

என் வீட்டுக்காரர் கையைக் கட்டிக்கொண்டு, முகமெல்லாம் மலர, "அல்ஹம்துலில்லாஹ், நல்லா இருக்கேனுங்க சார். நீங்க நல்லா இருக்கீங்களா? ஊட்ல எல்லாரும் சௌக்கியமுங்களா?" என்றார்.

"எழுதிக்கங்க" என்றார் தலைவர். "நல்லா இருக்கார்."

யா அல்லாஹ்! பின்னால் நின்றபடி அவர் முதுகில் கிள்ளினேன். கிள்ளிய பிறகுதான் அது எந்த முதுகு என்று ஞாபகம் வந்தது.

டாக்டர் ஒரு அட்டையைக் காட்டினார். சிரிக்கிற முகத்தில் ஆரம்பித்து அழுகிற முகத்தில் முடிகிற பொம்மை வரிசை. உங்கள் வலி எந்த முகம் என்று காட்ட வேண்டுமாம். இவர் அதைக் கையில் வாங்கிப் பார்த்து, மரியாதையாகத் திருப்பிக் கொடுத்து, "நீங்களே பாத்துத் தோதா ஒண்ணு போட்டுக்கங்க சார். நீங்க படிச்சவங்க" என்றார். டாக்டர் சிரிக்கிற முகத்துக்கு அடுத்த முகத்தைப் போட்டுக்கொண்டார். பிறகு டார்ச் அடித்துப் பார்த்து, "கண்ணு ரெண்டும் நல்லா இருக்கு" என்றார்.

அந்த நேரம் பார்த்துத் தலைவரின் திண்டு நழுவிக் கீழே விழுந்தது. பியூன் டீ வாங்கப் போயிருந்தார். தலைவர் திண்டைப் பார்த்தார், டாக்டரைப் பார்த்தார், டாக்டர் ஃபேனைப் பார்த்தார். ஒரு பெரிய மனுசரின் பொருள் தரையில் கிடக்கும்போது என் வீட்டுக்காரரால் சும்மா நிற்க முடியுமா? மேசையின் விளிம்பைப் பிடித்து, ஒரு முட்டியைத் தரையில் ஊன்றி, இறங்கி எடுத்துக் கொடுத்தார். எழுந்தபோது நெற்றியெல்லாம் வேர்வை. உதட்டைக் கடித்திருந்தார். ஆனால் சிரித்தார்.

"குனிந்து நிமிர்ந்தார்" என்று எழுதிக்கொண்டார்கள். மேலும் ஆதாரம் தேவை என்று இன்னொரு நாள் வரச் சொன்னார்கள்.

வெளியே வந்ததும் பிடித்துக்கொண்டேன். "ஏனுங்க, உங்களுக்குக் கூறு இருக்குதுங்களா? நோவுன்னு சொல்லத்தானே அத்தனை படி ஏறினோம்? நல்லா இருக்கறவனுக்கு அங்க என்ன வேலை?"

"ஒரு மனுசன் எப்படி இருக்கீங்கன்னு அன்பாக் கேக்கறப்ப, எடுத்த எடுப்புல நோவைச் சொன்னா நல்லா இருக்குமா மெஹராஜ்?"

"அவரு அன்பா கேக்கலைங்க. அது அவரு உத்தியோகம்."

"இருந்தாலும் கேட்டாருல்ல."

இந்த ஊர் மரியாதை இருக்கிறதே, அதுவே ஒரு நோய். இத்தனை வருசத்தில் என்னிடம்கூட வலிக்கிறது என்று அவர் சொன்னதில்லை. "கொஞ்சம் புடிச்சாப்ல இருக்குது" என்பார். அடுத்த மூச்சில் "பரவாயில்லை" என்பார். அவருடைய நோவை நான் அவர் முகத்தைப் பார்த்து, நடையைப் பார்த்து, பாத்ரூமிலிருந்து வெளியே வர ஆகும் நேரத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்கிறேன்.

அன்றிலிருந்து வீட்டில் ஒத்திகை. நான் பிளாஸ்டிக் நாற்காலியில் சுந்தரராஜுலுவாக உட்கார்ந்தேன். இடுப்புக்குப் பின்னால் பருப்புத் தலையணை.

"எப்படி இருக்கீங்க?"

"நல்லா..."

"ஏனுங்க!"

"வாயில அதுதான் வருது மெஹராஜ். நான் என்ன பண்றது?"

சஃபியா பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு விழுந்து விழுந்து சிரித்தாள். மறுபடி, மறுபடி சொல்ல வைத்தேன். கடைசியில் ஒருவழியாக, "கொஞ்சம் வலி இருக்குதுங்க சார்" என்பது வரை வந்தார். அந்தக் 'கொஞ்சம்' என்பதை மட்டும் என்னால் பிடுங்க முடியவில்லை.

இரண்டாவது அமர்வு. அதே படி, அதே கிளார்க், அதே திண்டு. இந்த முறை தலைவர் கேட்டதும் இவர் என்னை ஒரு தடவை பார்த்தார். தொண்டையைச் செருமினார்.

"கொஞ்சம் வலி இருக்குதுங்க சார். சிரமத்துக்கு மன்னிக்கோணும்."

எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. தலைவர் பேனாவை மூடி வைத்தார்.

"அமீர் ஹம்சா, தொழிலாளி வாயால சொல்றதை மன்றம் ஆதாரமா எடுத்துக்க முடியாது. வலிக்குதுன்னு யார் வேணும்னாலும் சொல்லிடலாம்."

"போன தடவை நல்லா இருக்கேன்னு சொன்னதை எழுதிக்கிட்டீங்களே சார்? அதும் அவரு வாயால சொன்னதுதானுங்களே?" என்றேன்.

"அம்மா, அது ஒப்புதல். இது குற்றச்சாட்டு. ரெண்டுக்கும் வித்தியாசம் இருக்கு."

டாக்டர் நாங்கள் கொண்டுபோன ஸ்கேன் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். தலைகீழாகத்தான் பிடித்திருந்தார் என்று நினைக்கிறேன். முதுகெலும்புத் தட்டு கொஞ்சம் பிதுங்கியிருக்கிறது, இந்த வயதில் எல்லாருக்கும் இருக்கும், எனக்கும் இருக்கும் என்றார். பிறகு தலைவர் நாற்காலியில் சாய்ந்துகொண்டு பேச ஆரம்பித்தார்.

"போன மாசம் அவிநாசி ரோட்டுல ஒரு பெரிய ஹோட்டல்ல கருத்தரங்கு. முதுகு வலி பத்தி. மன்றம் முழுக்கப் போயிருந்தோம். மத்தியானச் சாப்பாடு பிரமாதம். அங்கதான் கண் திறந்துச்சு. நாள்பட்ட முதுகு வலி இருக்கே, அதுல பாதி பயம். வலிச்சுடுமோ வலிச்சுடுமோன்னு பயந்து அசையாம இருந்தா வலி கூடும். அசைவுதான் மருந்துன்னு உலகமே சொல்லுது. உங்க பிசியோதெரபிப் பொண்ணு அசையச் சொல்லுச்சா, இல்லையா?"

"சொன்னாங்க சார்."

"நடக்கச் சொல்லுச்சா?"

"ஆமாங்க சார்."

"பயத்தைப் பத்தி ஏதாவது?"

"தைரியம்தானுங்க சார் சொன்னாங்க. தங்கமான பொண்ணு."

"மூட்டை தூக்கவே கூடாதுன்னு சொன்னதைச் சொல்லுங்க!" என்று நான் கத்தினேன்.

தலைவர் கையமர்த்தினார். "அம்மா, அசைவு மருந்துன்னா, பாரத்தோட அசைவு வீரியமான மருந்து. அமீர் ஹம்சா, நீங்க இத்தனை நாள் தூக்கினது மூட்டை இல்லை, மருந்து. அந்த மருந்தை நிறுத்தச் சொல்லிக் கேக்கறீங்க. மன்றம் அதுக்குத் துணை போகலாமா?"

"அப்போ கேட் வேலைங்க சார்?" என்றார் இவர், மெதுவாக.

"உக்காந்தா உங்க முதுகு போயிடும்ங்க. தொழிலாளர் நலன் கருதி அந்த நாற்காலியையே எடுக்கச் சொல்லி உத்தரவு போட்டாச்சு. நாய்க்கும் நல்லதில்லை பாருங்க."

"நீங்க உக்காந்துதானுங்களே இருக்கீங்க?" என்றேன்.

சுந்தரராஜுலு என்னை இரக்கத்தோடு பார்த்தார். "நாங்க உக்காந்திருக்கிறது உங்களுக்காகம்மா" என்றார்.

கழகம் 'அச்சம் நீக்கும் முகாம்' என்று ஒன்றைத் தொடங்கியது. என் வீட்டுக்காரர்தான் முதல் பயனாளி. கிடங்கில் பேனர் கட்டினார்கள்: 'பயம் போச்சு, பாரம் லேசாச்சு!' தலைவருக்கு நிழலில் நாற்காலி போட்டு, திண்டு வைத்து, இளநீர் கொடுத்தார்கள். ஆண்டு மலருக்குப் படமெடுக்க ஒரு போட்டோகிராபர் வந்திருந்தார். இதையெல்லாம் கூட வேலை செய்கிறவர்கள்தான் பிறகு எனக்குச் சொன்னார்கள். நான் அங்கே இல்லை. இருந்திருந்தால் பேனரைக் கிழித்திருப்பேன்.

பேனருக்கு முன்னால் கொப்பரை மூட்டையை முதுகில் ஏற்றினார்கள். எழுந்து நின்றுவிட்டாராம். எல்லாரும் கை தட்டினார்களாம். இறக்கி வைத்தாராம். தலைவர் எழுந்து, "பாத்தீங்களா? வலி எங்கே போச்சு?" என்று கேட்டிருக்கிறார்.

அப்போது போட்டோகிராபர் சொன்னாராம். "இன்னொரு தடவைங்க அண்ணா. கண்ணை மூடிட்டீங்க."

"அதுக்கென்னங்க தம்பி" என்று சொல்லிவிட்டு மறுபடி குனிந்தாராம். பாவி மனுசன்! முடியாது என்று ஒரு வார்த்தை சொன்னால் அந்தப் பையன் கேட்டிருப்பான். இரண்டாவது தடவை பாதி எழும்போது இடுப்பு பிடித்துக்கொண்டது. மூட்டையோடு சரிந்தார். கொப்பரை ஏற்றி வருகிற தள்ளுவண்டியிலேயே படுக்க வைத்து, வண்டி பிடித்து வீட்டுக்கு அனுப்பினார்கள். ஆண்டு மலருக்கு முதல் படத்தையே போட்டுக்கொண்டார்கள். கண் மூடியிருந்ததற்குக் கீழே 'மன நிறைவில் பயனாளி' என்று எழுதியிருந்தது.

அன்றிலிருந்து ஹாலில் பாயில்தான் கிடந்தார். புரள வேண்டுமென்றால் நானும் சஃபியாவும் போர்வையோடு பிடித்துப் புரட்டுவோம். ஜோஸ்லின் வேலை முடிந்து வீட்டுக்கே வந்து பார்த்தாள். "திரும்ப மொதல்ல இருந்து ஆரம்பிக்கணுங்கய்யா. சரியாகும், ஆனா நாளாகும்" என்றாள். அவள் போன பிறகு அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "சம்பந்தி என்னைக்கு வாராங்க?"

சம்பந்தி ஷாஹுல் அமீது போத்தனூரில் இரும்புக்கடை வைத்திருக்கிறார். நல்ல மனுசர். அவர்கள் வருவதாகச் சொல்லியிருந்த ஞாயிற்றுக்கிழமையே, விடுப்பில் இருக்கும் தொழிலாளியை வீட்டில் வந்து பார்வையிடப் போவதாக மன்றத்திலிருந்தும் போன் வந்தது. நாள் மாற்றித் தரச் சொல்லிக் கெஞ்சினேன். அன்று வீட்டில் இல்லையென்றால் ஆப்சென்ட் என்றார்கள். எங்கே போகப்போகிறார், பாயை விட்டு?

சம்பந்தி வீட்டார் வண்டியைத் தெருமுனையில் பள்ளிவாசல் பக்கம் நிறுத்திவிட்டு நடந்து வந்தார்கள். எங்கள் சந்து அவ்வளவு குறுகல். மன்றத்தின் காரோ வீட்டு வாசல்வரை வந்தது. தலைவரால் அவ்வளவு தூரம் நடக்க முடியாதாம். எங்கள் வாசலுக்கு வந்ததும் கார் இரண்டு பக்கத்துச் சுவருக்கும் நடுவில் மாட்டிக்கொண்டது. கதவைப் பாதிதான் திறக்க முடிந்தது. அந்த இடுக்கு வழியாக டாக்டரும் டிரைவரும் தலைவரை மெதுவாக உருவி எடுத்தார்கள்.

வீட்டில் இருந்த ஒரே நாற்காலியில் தலைவர் உட்கார்ந்தார். சம்பந்தி நின்றார். சம்பந்தியம்மா நின்றார். சஃபியா பிள்ளையோடு நின்றாள். பாயில் என் வீட்டுக்காரர். சட்டை போட்டு, தலையில் தொப்பி வைத்து, தாடியைச் சீவிவிட்டிருந்தேன். மாப்பிள்ளை வீட்டார் வருகிறார்கள் அல்லவா.

"எப்படி இருக்கீங்க, அமீர் ஹம்சா?" என்றார் தலைவர்.

வீடே அவர் வாயைப் பார்த்தது. நான் வாசற்கதவைப் பிடித்துக்கொண்டு, அல்லாவே, சொல்ல வை, இந்த ஒரு தடவை மட்டும் சொல்ல வை என்று மனசுக்குள் கதறினேன். அவர் என்னைப் பார்த்தார். பிறகு சம்பந்தியைப் பார்த்தார். பெண்ணைக் கொடுத்த இடத்துக்கு முன்னால் எந்த அத்தா முடியவில்லை என்று சொல்வான்?

"நல்லா இருக்கேனுங்க சார்" என்றார், கூரையைப் பார்த்தபடி. "படுத்துக்கிட்டே பேசறதுக்கு மன்னிக்கோணும். மெஹராஜ், சாருக்கு டீ போடு."

"எழுதிக்கங்க" என்றார் தலைவர்.

"பொய்ங்க சார்! அவரால ஒண்ணுக்குப் போகக்கூட எந்திரிக்க முடியலைங்க!" என்றேன். சம்பந்திக்கு முன்னால் சொல்லிவிட்டேன். என் வீட்டுக்காரர் கண்ணை மூடிக்கொண்டார். அதை மட்டும் இன்னும் என்னால் மறக்க முடியவில்லை.

"அம்மா, தொழிலாளி சொல்றதைத்தான் நாங்க பதிவு பண்ண முடியும். அவரை மீறி நாங்க எதுவும் பண்ணினா அது மனித உரிமை மீறல்" என்றார் தலைவர். தகுதியுள்ளவர், திங்கட்கிழமை வேலைக்குத் திரும்பலாம் என்று அங்கேயே சொல்லிவிட்டார்.

தலைவர் எழுந்திருக்கப் பார்த்தார். முடியவில்லை. பிளாஸ்டிக் நாற்காலி தாழ்வாக இருந்தது. ஒருமுறை முன்னால் ஆடினார், ஒருமுறை பின்னால் ஆடினார், "ஐயோ அம்மா" என்று சத்தமாகவே சொன்னார். சம்பந்தியும் டாக்டரும் ஆளுக்கொரு அக்குளில் கை கொடுத்துத் தூக்கினார்கள். சட்டை மேலே ஏறியதில் உள்ளே அகலமான இடுப்பு பெல்ட் தெரிந்தது.

"சாருக்கும் முதுகு நோவுங்களா?" என்று பாயிலிருந்து கேட்டார் என் வீட்டுக்காரர். நிஜமான கவலையோடுதான் கேட்டார்.

"இது வேறங்க" என்றார் தலைவர், சட்டையை இறக்கிக்கொண்டே. "இது பொறுப்புனால வர்றது."

அவர்கள் காருக்குப் போனார்கள். கார் பின்னால் நகர முடியாமல் உறுமிக்கொண்டிருந்தது. இங்கே புறப்படும் நேரம் ஆகிவிட்டது. சஃபியா அழுதுகொண்டே மண்டியிட்டு, பிள்ளையை அவர் நெஞ்சுக்குப் பக்கத்தில் கொண்டுபோனாள். அவர் இரண்டு கையையும் நீட்டினார். கை வந்தது. இடுப்பு வரவில்லை. தோள் ஒரு சாண் எழும்பியதும் அப்படியே நின்று, மூச்சு நின்று, மறுபடி பாயில் விழுந்தார். பிள்ளை அவர் விரலைத் தேடிப் பிடித்துக்கொண்டது. எப்போதும்போல அந்த ஒரு விரல்தான்.

"பரவாயில்லை சம்பந்தி" என்று சொல்லிவிட்டு ஷாஹுல் தானே குனிந்து பிள்ளையை வாங்கிக்கொண்டார். அவர் நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். சம்பந்தி வீட்டாரும் சஃபியாவும் மன்றத்துக் காரின் ஓரமாக, சுவரோடு ஒட்டி, ஒருவர் பின் ஒருவராக நடந்து தெருமுனைக்குப் போனார்கள்.

வீடு காலியாகிவிட்டது. நான் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். தொப்பியை எடுத்துவிட்டேன். எதுவும் கேட்கத் தோன்றாமல், பழக்கத்தில், "எப்படிங்க இருக்குது?" என்றேன்.

அவர் கூரையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு முகத்தை என் பக்கம் திருப்பினார்.

"வலிக்குது மெஹராஜ்" என்றார். "ரொம்ப வலிக்குது. என்னால முடியலை."

வெளியே கார் இன்னும் உறுமுகிற சத்தம் கேட்டது. எழுந்து ஓடினேன். செருப்புக்கூடப் போடவில்லை. தலையில் முக்காடு நழுவியதைக்கூடப் பார்க்கவில்லை. கார் கொஞ்சம் கொஞ்சமாகப் பின்னால் போய், சந்தின் வாயை நெருங்கிவிட்டிருந்தது. முன்னால் போய் நின்று பானட்டைத் தட்டினேன்.

"சார்! சொல்லிட்டாருங்க சார்! இப்பச் சொல்லிட்டாரு! வந்து கேளுங்க, வலிக்குதுன்னு அவரு வாயாலயே சொல்லிட்டாரு!"

கண்ணாடி நாலு விரல் அளவு இறங்கியது. உள்ளே ஏசி காற்று. இடுப்புக்குத் திண்டு வைத்துச் சாய்ந்திருந்தார் சுந்தரராஜுலு.

"அமர்வு முடிஞ்சுபோச்சேம்மா" என்றார். கோபமில்லை, ரொம்பத் தன்மையாகத்தான் சொன்னார். "இனிமே சொல்றது கணக்குல வராது. ஞாயித்துக்கிழமையும் அதுவுமா உங்களுக்கும் சிரமம் குடுத்துட்டோம்."

நான் அவர் முகத்தைப் பார்த்தேன். கேட்பதற்கு ஆயிரம் இருந்தது. மூன்று மாதமாகச் சேர்த்து வைத்திருந்த வசவெல்லாம் தொண்டை வரை வந்து நின்றது. வாய் நீளம் என்று ஊரே சொல்கிற இந்த மெஹராஜ் வாயைத் திறந்தாள்.

"அதனாலென்னங்க சார், பரவாயில்லீங்க" என்றேன். "பாத்துப் போயிட்டு வாங்க."